நோன்பு மாதத்தில் உப்பு பார்ப்பவள்

1

முசிறிப் பக்கத்து எங்கள் ஊர்க்காரர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை ஊர் நூலகத்துக்கு வருகிறது என்று என் தம்பி போனில் சொன்னான். அதே போனில் இன்னொன்றும் சொன்னான். அஞ்சலை மலேசியாவில் மதம் மாறிவிட்டாள், ஒரு பாயைக் கட்டிக்கொண்டு பேரையும் மாற்றிக்கொண்டாள் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். உண்மையா அக்கா என்று அவன் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்கிறவள் இல்லை.

ஆனால் என் கதையை என்னை விட்டுவிட்டு மற்றவர்கள் சொல்வது எனக்குப் பிடிக்காது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திப் போட்டுக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

சிம்பாங் ரெங்கம் என்ற சின்ன டவுனில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் நான் வேலை செய்கிறேன். கடை தமிழ் முஸ்லிம்களுடையது. அங்கே தலைமைச் சமையல்காரர் மொய்தீன் பாய். தொண்டிக்காரர், சிறு வயதில் மாமாவோடு இங்கே வந்தவர். போன வருடம் நோன்பு மாதம் முடிந்த அன்று அவர் என்னிடம் ஒன்று கேட்டார். அடுத்த நோன்பு வருவதற்குள் பதில் சொன்னால் போதும் என்றார். முந்தாநாள் பிறை தெரிந்துவிட்டது. நேற்று முதல் நோன்பு. பதிலைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு என்ன ஆனது என்பதையும் எழுதிவிட்டால், டீக்கடைக்காரர்கள் பிறகு என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

2

என் வீட்டுக்காரர் இங்கே செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஊருக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு கூட்டி வந்தார். லயத்து வீட்டில் இருந்தோம். ஒரே மகன், குமரன். அவனுக்கு மீசை முளைக்கிற வயதில் இவர் நெஞ்சு வலியில் போய்விட்டார். தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். டவுனுக்கு வந்து ஒரு அறை எடுத்து, இந்தக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். பிறகு காய் நறுக்கினேன். பிறகு சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் என் அடுப்புக்கு வந்தன. மீன், கோழி, ஆடு, மாடு எல்லாம் பாய் அடுப்பு. இரண்டு அடுப்புக்கும் நடுவில் ஒரு சிமெண்டுத் திட்டு. அந்தத் திட்டுதான் எங்கள் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே சேர்ந்த பிறகு வந்த முதல் நோன்பு மாதம். நம் ஊரில் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறேனே தவிர, அதைச் சமைக்கிறவர்கள் பாடு என்னவென்று எனக்குத் தெரியாது. விடிவதற்கு முன்னால் சாப்பிட்டு, பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அந்தச் சூட்டில் நின்று, ஊருக்கெல்லாம் நோன்பு திறக்கச் சமைக்க வேண்டும். சமைப்பதை நாக்கில் வைக்கவும் முடியாது. நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், சமையல்காரருக்குப் பாதகமில்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லியிருக்கிறார். பாய்க்கு மனசு ஒப்பவில்லை. கைக்கணக்கில் போட்டுவிட்டு, குவாலிச் சட்டியைப் பார்த்தபடி நிற்பார்.

கடைக்காரரின் அம்மாவுக்கு நோன்பு இல்லை. சர்க்கரை வியாதி, டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார். அவரே எல்லாவற்றுக்கும் உப்பு பார்க்கலாமே என்று கேட்பீர்கள். டாக்டர் அவருக்கு உப்பையும் குறைத்துவிட்டார். பச்சைத் தண்ணீரைக் கொடுத்தாலும் உப்பு தூக்கல் என்பார். மாட்டுக் கறி மட்டும் அவர் பொறுப்பு, ஏனென்றால் அதை நான் தொட மாட்டேன். அந்தச் சட்டிக்குத் தனிக் கரண்டி, பிடியில் சிவப்புக் கயிறு கட்டியது. அந்தக் கயிற்றைக் கட்டியவர் பாய்தான். நான் கேட்கவில்லை. சேர்ந்த இரண்டாம் நாள் அது அங்கே இருந்தது.

முதல் வருடம் அவர் நேராக என்னிடம் கேட்கவில்லை. என்னோடு வேலை செய்கிற செல்வியிடம் ஒரு சின்னக் கிண்ணத்தில் கறியைக் கொடுத்து அனுப்புவார். செல்வி இங்கேயே பிறந்தவள், வாய் சும்மா இருக்காது.

"அக்கா, பாய் உங்க நாக்கைக் கடன் கேக்குறாரு லா" என்று கொண்டு வந்து வைப்பாள்.

நான் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுப் பார்த்துச் சொல்வேன். சரி, கம்மி, தூக்கல். மூன்றே வார்த்தை. அதற்கு மேல் அந்த மாதம் முழுக்க நாங்கள் பேசியதில்லை.

3

கரண்டியை வாயில் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் அம்மா எச்சில் பார்க்கிறவள். சிறு வயதில் ஒரு தரம் குழம்புக் கரண்டியை நக்கிவிட்டேன் என்று அதே கரண்டியைச் சுட வைத்துப் புறங்கையில் இழுத்தாள். ஊரை நினைத்தால் எனக்கு ஆற்றங்கரையெல்லாம் ஞாபகம் வருவதில்லை, அந்தக் கரண்டிதான் வரும். தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால் உள்ளங்கைதான். வலது கையில் கரண்டி, இடது உள்ளங்கையில் இரண்டு சொட்டு.

அடுத்த வருடங்களில் கிண்ணம் போய்விட்டது. பாய் கரண்டியை ஒரு தட்டில் வைத்துத் திட்டின்மேல் வைப்பார், வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போய் நிற்பார். "அக்கா, உப்பு பாருங்க" என்பார். நான் எடுத்து ஊற்றிப் பார்ப்பேன். என்னைவிட அவர் நான்கைந்து வயது இளையவர். கடையில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

சும்மா வாங்கிக்கொள்கிற மனிதர் இல்லை அவர். புரட்டாசி சனிக்கிழமைகளில் நான் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரோடு இருப்பேன். அன்றைக்கு என் சாம்பாருக்கு அவர் உப்பு பார்ப்பார். ஆனால் அவருக்குக் காய்கறிச் சமையலில் ஒரு நம்பிக்கையும் கிடையாது. எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கு என்பார். ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் கொடுத்தேன். அதற்கும் நல்லாருக்கு என்றார். நான் பார்த்த பார்வையில் இன்னொரு தரம் வாங்கிப் பார்த்துவிட்டு, "சாம்பார் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு மலாய் சரியாக வராது. இத்தனை வருடம் இருந்தும் என் அடையாள அட்டை சிவப்பு. இங்கே குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், எங்களைப் போல வந்து தங்கியவர்களுக்குச் சிவப்பு. நீல அட்டைக்கு மனுப் போட்டவர்களை உட்கார வைத்து மலாயில் பேசச் சொல்வார்கள். நானும் ஒரு தரம் போனேன். கணவர் எங்கே என்று அதிகாரி கேட்டார். செத்துவிட்டார் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல் மாத்தி. அதைச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் அவர் கேட்ட எதுவும் எனக்குப் புரியவில்லை. அட்டை கிடைக்கவில்லை.

கடைக்கு வந்து சொன்னபோது செல்வி சிரித்தாள். பாய் சிரிக்கவில்லை. வெங்காயத்தை வதக்கிக்கொண்டே, அந்தச் சொல்லை ஆடு மாட்டுக்கும் என்ஜினுக்கும் சொல்வார்கள், மனிதர்களுக்கு மெனிங்கால் என்று சொல்ல வேண்டும் என்றார். "உங்க வீட்டுக்காரருக்கு அந்த மரியாதை இருக்கணும் அக்கா" என்றார். என் வீட்டுக்காரரை அவர் பார்த்ததுகூட இல்லை. அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. அதற்கப்புறம் அவர் மனைவி தொண்டியில் தவறிப்போன செய்தி வந்தபோது, கடைக்கு வந்த மலாய்க்காரர்களிடம் அதே சொல்லைச் சொல்லி நான்தான் விவரம் சொன்னேன்.

எப்போது என்று தெரியவில்லை, ஒரு நோன்பில் தட்டும் போய்விட்டது. கரண்டியை அவரே பிடித்துக்கொண்டு வந்தார். சூடு ஆறட்டும் என்று கொஞ்சம் நின்றார். நான் வலது கையை நீட்டினேன், கரண்டி என் கையில் இல்லையே. அவர் கரண்டியைச் சாய்த்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார். கரண்டி என் கையில் படவில்லை. அவர் கையும் படவில்லை. அவ்வளவுதான். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

4

இரண்டு வருடத்துக்கு முன் பங்குனி உத்திரம் நோன்பு மாதத்துக்குள் வந்தது. எனக்கு முருகனுக்கு வேண்டுதல். விளக்கு வைக்கும்வரை ஒன்றும் வாயில் படக் கூடாது. பாய்க்கு நோன்பு. ஆக, அன்றைக்கு அந்தச் சமையலறையில் இரண்டு பேருக்கும் நாக்கு இல்லை.

செல்வி லீவு. காய் கொண்டு வருகிற சீனரைக் கூப்பிட்டுக் கேட்டார் பாய். அவர் கையை ஆட்டினார், அன்றைக்கு அவருக்கும் சைவமாம். பாய் கரண்டியோடு நடுவில் நின்று என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் கடைக்காரரின் அம்மாவைக் கூட்டி வந்து ஆட்டுக் கறியைக் கொடுத்தோம். அவர் ஒரு வாய் வைத்ததுமே, "யா அல்லா, தூக்கலா இருக்கே" என்றார். எப்போதும் சொல்வதுதானே, அப்படியானால் சரியாக இருக்கிறது என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டோம்.

கொஞ்ச வருடமாக ஆட்டுக் கறிக்குக் கடைசி உப்பை என் கையால் போடுவது பழக்கமாகிவிட்டிருந்தது. அவர் அரைக் கை போட்டு வைப்பார், நான் பார்த்துவிட்டு மீதியைப் போடுவேன். அன்றைக்கு என்னால் பார்க்க முடியாது என்பதால் முழு உப்பையும் அவர் போட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன். விரதத்தில் இருக்கிறவள் கையால் போட்டால் சரியாக இருக்கும் என்று அவர் முழுவதையும் எனக்கே விட்டுவிட்டு, நான் போட்டிருப்பேன் என்று நினைத்திருக்கிறார். கறி பெரிய அண்டாவில் போய், பொட்டலம் பொட்டலமாக விற்றுப்போனது.

நோன்பு திறந்து கொஞ்ச நேரத்தில் முதல் ஆள் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். பிறகு வரிசையாக வந்தார்கள். ஆட்டுக் கறியில் ஒரு கல் உப்பு இல்லை.

கடைக்காரர் சமையலறைக்கு வந்தார். பாய் முந்திக்கொண்டு, நான்தான் மறந்துட்டேன் என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இல்லை, உப்பு நான் போடுவது, நான்தான் மறந்தேன் என்றேன். கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து மறந்தீங்களா?" என்றார்.

அவர் போன பிறகு பாய் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு பகல் முழுக்கப் பட்டினி கிடந்த மனிதர், கையில் கடித்த பேரீச்சம்பழம், திட்டைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு அப்படிச் சிரித்த ஞாபகம் இல்லை.

பிறகு அவர் இன்னொரு பேரீச்சம்பழத்தை எடுத்து ஒரு இலைத் துண்டில் வைத்துத் திட்டின்மேல் தள்ளினார். "இந்தாங்க. விளக்கு வச்சுட்டுச் சாப்பிடுங்க" என்றார்.

இந்தாங்க என்றார், அக்கா என்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. நம் வீடுகளில் ஒரு ஆணும் பெண்ணும் எப்போது ஒருவரை ஒருவர் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் பேசிக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். லீவு முடிந்து வந்த செல்வி ஒரு வாரம் கவனித்துவிட்டு என் காதருகில் வந்தாள்.

"அலமாக், அக்கா, கடையில எல்லாருக்கும் நீங்க அக்கா. ஒருத்தருக்கு மட்டும் இல்ல போல."

வெங்காயத்தை உரிடி என்றேன்.

5

போன வருடம் கடைசி நோன்பு அன்று மத்தியானம், கஞ்சிக்கு உப்பு பார்த்துச் சரி என்று சொன்னேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"மூவார்ல இருக்கிற என் மககிட்டச் சொல்லிட்டேன். அதுக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. உங்க பக்கம் யார்கிட்டக் கேக்கணும்னு சொல்லுங்க."

எதைக் கேட்க என்று நான் கேட்டிருக்கலாம். அப்படிப் பாவனை பண்ணுகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. என்னை யாரிடமோ போய்க் கேட்க வேண்டும் என்றதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"என் பக்கம்னா என்கிட்டத்தான் கேக்கணும்" என்றேன்.

"கேட்டுட்டேன்" என்றார்.

குழாயை மூடினார். அவசரமில்லை, அடுத்த நோன்பு வரைக்கும் யோசியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கஞ்சி அண்டாவை இறக்கப் போனார். அடுப்படியில் இத்தனை காலம் நின்ற மனிதருக்கு எதையும் சிறுதீயில் வைக்கத் தெரியும்.

6

அந்த வருடம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

குமரன் ஜோகூர் பாருவில் இருக்கிறான். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் வேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு வருவான். மாதம் ஒரு தரம், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் குடும்பத்தோடு என்னைப் பார்க்க வருவான். பேத்தி கீர்த்தனாவுக்கு நான் பேசுவது பாதிதான் புரியும். அவள் பேசுவது எனக்கு அதுவும் புரியாது. பாட்டி என்று சொல்லிக் கட்டிக்கொள்வாள், பிறகு காதில் எதையோ மாட்டிக்கொள்வாள். என்னை அங்கேயே வந்து இருக்கச் சொல்கிறான் குமரன். பன்னிரண்டாவது மாடி. ஒரு நாள் முழுக்க அந்தப் பலகணியில் நின்று பார்த்தேன், கீழே ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் சாப்பிட்டார்கள். மொய்தீன் பாய் மீன் கறியைத் தானே கொண்டு வந்து வைத்தார். "இந்தாங்க, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் வைங்க" என்று என்னிடம் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். என் அறைக்கு வந்த பிறகு குமரன் கேட்டான்.

"ம்மா, அந்த பாய் ஏன் உங்கள ஒண்ணுமே கூப்பிட மாட்டேங்கிறாரு? முன்னெல்லாம் அக்கான்னுதான கூப்பிடுவாரு?"

என் பிள்ளைதான் அவன், நான் பெற்ற பிள்ளைதான். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை, சொல்லிவிட்டேன். மருமகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். குமரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவரு நல்ல மனுஷன்தான்மா. நான் இல்லன்னு சொல்லல" என்றான். "ஆனா நீங்க மாறிட்டா நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா உங்க உடம்பு எங்ககிட்ட வராது, சமய இலாகாக்காரங்க எடுத்துட்டுப் போய் அவங்க முறைப்படி அடக்கம் பண்ணிடுவாங்க. அப்பாவுக்குக் கொள்ளி வச்ச கைம்மா இது. உங்களுக்கு வைக்க முடியாது."

மாதம் ஒரு தரம் வருகிறவன், உயிரோடு இருக்கிறவளை விட்டுவிட்டுப் பிணத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறானே என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்கள் போன பிறகு பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். அவன் கையைப் பற்றிச் சொன்னது அப்புறம்தான் மெல்ல உள்ளே இறங்கியது. அவன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்ததை நான் பார்க்கவில்லை, பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. திரும்பி வந்து, தலையில் தண்ணீர் சொட்ட, என்னிடம் வலது கையைக் காட்டினான். கையில் ரோமம் கருகியிருந்தது. சின்னப் பையன். பயந்துபோய் ரொம்பக் கிட்டே நின்றுவிட்டானாம். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மழைக்காலம் முடிந்ததும் அட்டையைப் புதுப்பிக்கக் குளுவாங் போக வேண்டியிருந்தது. பதிவு இலாகாவில் கட்டைவிரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், அது எடுக்கவில்லை. துடைத்து வைத்தேன், எடுக்கவில்லை. மிளகாயும் சூடும் சோப்பும் என் ரேகையைத் தின்றுவிட்டன. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், இளம் பெண்தான், எழுந்து வந்து என் விரலைத் தன் கையில் பிடித்து அழுத்திப் பார்த்தாள். பெரியம்மா என்கிற மாதிரி மக்சிக் என்று கூப்பிட்டு, என்ன வேலை என்று கேட்டாள். சமையல் என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

அவள் விரலைப் பிடித்திருந்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். ஒருவர் இஸ்லாம், ஒருவர் இந்து, இரண்டு பேரும் அப்படியே இருந்துகொண்டு கல்யாணம் பதிய முடியுமா என்று, எனக்குத் தெரிந்த மலாயில். முடியாது மக்சிக், இங்கே முடியாது, முதலில் சமய இலாகாவுக்குப் போய் மாறிக்கொள்ள வேண்டும் என்று மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள். யாருக்கு என்று கேட்கவில்லை. என் நரைத்த தலையைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. அதற்காகவே அவளை நான் மறக்க மாட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஊரில் இருப்பவர்கள் ஒன்று நினைக்கலாம், அவரை மாறச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று. இங்கே அது நடக்கிற காரியம் இல்லை. நடக்கிற காரியமாக இருந்தாலும் நான் கேட்க மாட்டேன். உதடு வெடித்து நிற்கிற நேரத்திலும் நுனி நாக்கில் ஒரு சொட்டுக் கஞ்சி வைக்காத மனிதர் அவர். அவரிடம் போய் உங்கள் ஆண்டவனை விட்டு வாருங்கள் என்று யாராவது கேட்பார்களா? அவரும் என்னிடம் மாறுங்கள் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் கேட்டதற்குள் அது இருந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவருடைய சாமி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அஞ்சலை என்ற பேரில் வந்தவள் நான். சிவப்பு அட்டையானாலும் அதில் அந்தப் பேர்தான் இருக்கிறது.

7

பிறை பார்க்கிற அன்று காலையில் சொன்னேன். இன்னும் கடை திறக்கவில்லை. அவர் ஆட்டுக் கறியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் திட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"நான் பேர் மாத்திக்க மாட்டேன்" என்றேன். "எனக்குக் குமரன்தான் கொள்ளி வைக்கணும். உங்களை விட்டு ஜோகூர் பாருவுக்குப் போகவும் எனக்கு இஷ்டம் இல்ல. இவ்வளவுதான் என் பதில்."

அவர் கறியைப் பிழிந்து எடுத்து வைத்தார். தண்ணீரைக் கொட்டினார். மறுபடி தண்ணீர் பிடித்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் குளுவாங் போனதைச் சொல்லியிருப்பேன்.

"பிறை தெரிஞ்சா நாளைக்கு நோன்பு. வருவீங்கல்ல?" என்றார்.

"வேலைக்கு வராம எங்க போவேன்?"

"ம்" என்றார். அதோடு சரி. அன்று முழுக்க அவர் அடுப்பு அவருக்கு, என் அடுப்பு எனக்கு.

நேற்று மத்தியானம் எப்போதும் போல வேலை ஓடியது. கடைக்கு வெளியே நோன்பு திறக்கிறவர்களுக்காக மேசை போட்டுப் பலகாரம் அடுக்கினார்கள். செல்வி தேங்காய்ப் பாலைப் பிழிந்துகொண்டிருந்தாள். கஞ்சி கொதித்து அடங்கியது. எனக்கு முதுகுப் பக்கம் அவர் வருகிற காலடி கேட்டது. கையைக் கழுவிக்கொண்டு திரும்பினேன்.

திட்டின்மேல் தட்டு, அதில் கரண்டி. அவர் ஒரு அடி பின்னால் நின்றார்.

"அக்கா, உப்பு பாருங்க" என்றார்.

செல்வியின் கை தேங்காய்ப் பாலில் நின்றுவிட்டது. பிறகு மறுபடி பிழிய ஆரம்பித்தாள், தலை நிமிரவில்லை.

அவர் மேல் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் எடுத்து வைத்த இடத்தில்தான் அவர் நின்றார். மரியாதை தெரிந்த மனிதர் வேறு எப்படிச் செய்வார்? நான்தான் முடியாது என்றேன், நான்தான் போகவும் மாட்டேன் என்றேன். அப்படியானால் எனக்கு அவர் வைக்கக்கூடிய முறை அந்த ஒன்றுதான். எல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் கரண்டியை எடுத்தேன். வலது கையில் கரண்டி. இடது உள்ளங்கையில் இரண்டு சொட்டு.

உப்பு சரியாக இருந்தது. ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் நாக்கில் வைக்காமலே அவ்வளவு சரியாக ஒரு நாளும் போட்டதில்லை.

இத்தனை நோன்பிலும் நான் ஒரு தரம்கூட மாற்றிச் சொன்னதில்லை. என் நாக்கை நம்பித்தான் அந்த டவுன் பாதி நோன்பு திறக்கிறது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"கம்மி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கரண்டியை எடுத்துக்கொண்டு அண்டாவுக்குப் போனார். உப்பு டப்பா அவர் தோளுக்குப் பக்கத்தில், பலகையில் இருக்கும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் கை அந்தப் பக்கம் போகவில்லை. டப்பா மூடினது மூடினபடியே இருந்தது. அவர் கஞ்சியை மட்டும் அடியிலிருந்து ஒரு தரம் கிண்டினார், ரொம்ப நிதானமாக. கிண்டி, ஒரு கரண்டி மொண்டு, சூடு ஆறட்டும் என்று கொஞ்சம் நின்றார்.

பிறகு திட்டுக்கு வந்தார். தட்டு அங்கேயே கிடந்தது. கரண்டியை அதில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தாங்க. இப்பப் பாருங்க."

நான் வலது கையை நீட்டினேன்.